மையம் எண் ஆறு

ஜூன் 30, திங்கள்

காலை பதினொன்றரைக்கு அறிக்கையை டாக்டரின் மேசையில் வைத்தேன். ட்ரஸ்டில் சேர்ந்த ஒன்பது மாதத்தில் நான் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தனியாகச் செய்த முதல் வேலை. ஆறு பிரசவ மையங்கள், இரண்டு ஆண்டுகள், 1,846 குழந்தைகள். ஒவ்வொரு குழந்தையின் பிறப்பு எடைக்கும் எதிரே தாயின் வயது, ஹீமோகுளோபின் எனப்படும் ரத்த அளவு, அவள் எத்தனை முறை பரிசோதனைக்கு வந்தாள், எந்த மையத்தில் பெற்றாள் என்பதையெல்லாம் வைத்து, எடையை எது கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

டாக்டர் நாச்சியப்பன் பதினான்கு பக்கத்தையும் புரட்டினார். "இதை ஒரே பக்கமாக்கிக் குடுங்கம்மா. கமிட்டியில எல்லாரும் கண்ணாடி போட்டவங்க" என்றார். அவரும் கண்ணாடி போட்டவர்தான்.

வரும் வழியில் புளி, துணி சோப்பு. குக்கர் வாஷர் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 2, புதன்

ஒரு பக்கமாக்கிவிட்டேன். எல்லாவற்றையும் வெட்டிய பிறகு நான்கு வாக்கியமும் ஒரு அட்டவணையும் மிஞ்சின.

எதிர் மேசைப் பர்வீன் காப்பீட்டுப் படிவம் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மையங்களிலிருந்து வரும் நோட்டுகளைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. அலுவலகத்தில் நிரப்ப வேண்டிய எந்தத் தாளும் கடைசியில் அவளிடம்தான் போகும். இன்று ஒரு கட்டத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நிரப்பிக் கொடுத்தேன். அவள் விரல் நேராக அந்தக் கட்டத்துக்குப் போனது. திருமண நிலை: ஒன்று, மணமாகாதவர். இரண்டு, மணமானவர். மூன்று, துணையை இழந்தவர். நான்கு, பிரிந்து வாழ்பவர்.

"இதுல என்னக்கா யோசனை? ரெண்டைப் போடுங்க. மஸ்கட்ல இருந்தாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதான்."

"நாளைக்குத் தர்றேன்" என்று திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அவர் மஸ்கட்டில் இருப்பது பொய் இல்லை.

பதில் எழுதாத கட்டத்துக்கு நாங்கள் 9 என்று போடுவோம். அந்த ஒன்பதை எண்ணாக எடுத்துக் கூட்டினால் கணக்கு கெட்டுப்போகும் என்று சேர்ந்த முதல் வாரமே பர்வீனை எச்சரித்தவள் நான்தான்.

ஜூலை 4, வெள்ளி

ஒரு பக்கத்தில் மூன்றாவது வாக்கியம் டாக்டருக்குப் பிடித்துவிட்டது. "மைய எண் ஒன்று கூடும்போது பிறப்பு எடை 20 கிராம் குறைகிறது, வயது, ரத்த அளவு, பரிசோதனைகள் ஆகியவற்றைச் சரிசெய்த பிறகு." நான் எழுதியதுதான்.

"அப்போ ஒண்ணுக்கும் ஆறுக்கும் நூறு கிராம் வித்தியாசம்" என்றார்.

"ஆமா சார்."

மூன்றாம் மையத்து சிஸ்டர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். இந்தப் பக்கத்துக்கு வர நர்ஸ் யாரும் கிடைக்கவில்லை. ஆறு மையத்தை ஐந்தாக்கியாக வேண்டும். எதை மூடுவது என்று இரண்டு மாதமாக யாரும் வாய்திறக்காமல் இருந்தார்கள். இப்போது என் வாக்கியம் கிடைத்திருக்கிறது. ஆறாம் மையத்தை மூடி, அங்கே வரும் பெண்களை நான்காம் மையத்துக்கு அனுப்புவது. ஆறாம் மையத்து சிஸ்டரை மூன்றுக்கு இறக்குவது. 18ஆம் தேதி கமிட்டியில் முடிவு.

"ஆறோட சராசரி நல்லாத்தானே சார் இருக்கு?" என்று கேட்டேன். கேட்டதைக் குறித்து வைக்கிறேன்.

"சராசரி ஏமாத்தும்மா. மலை மேல இருக்கிற பொம்பளைங்க கேழ்வரகும் கீரையும் திங்கிறவங்க. ரத்தம் நல்லா இருக்கு. அந்த ரத்தத்துக்குப் பிள்ளை இன்னும் எடை கூடப் பொறக்கணும். அதைத்தானே உங்க கணக்கு சொல்லுது? அஞ்சாம் மையம் சராசரி மோசம். ஆனா அது தோட்டக்காடு, கூலி ஜனம், அங்க அப்படித்தான் இருக்கும். இதையெல்லாம் சரிக்கட்டிப் பாக்கத்தானே உங்களை வேலைக்கு வச்சிருக்கோம்?"

நல்ல விளக்கம். நானே அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன். தலையாட்டினேன்.

ஆறாம் மையம் மஞ்சனூத்தில் இருக்கிறது. அங்கிருந்து நான்காம் மையத்துக்கு பத்தொன்பது கிலோமீட்டர், பதினோரு கொண்டை ஊசி வளைவு. வலி எடுத்த பெண்ணை வைத்துக்கொண்டு ஜீப் எவ்வளவு நேரத்தில் இறங்கும் என்பது என் அட்டவணையின் எந்தப் பத்தியிலும் இல்லை.

ஜூலை 5, சனி

குக்கர் வாஷர் வாங்கினேன். அளவு சேரவில்லை.

ஜூலை 7, திங்கள்

ஆறாம் மையத்து செல்லத்தாய் சிஸ்டர் வந்தார். முதல் பேருந்தில் இறங்கி, ஒரு கட்டைப் பையில் நான்கு நோட்டுகளோடு நேராக என் மேசைக்கு. ஐம்பத்தேழு வயது இருக்கும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எந்தப் புள்ளை மேடம்?"

"என்ன சிஸ்டர்?"

"எடை குறைஞ்ச புள்ளை. எங்கிட்ட முன்னூத்தி எட்டுப் புள்ளை பொறந்துருக்கு. அம்புட்டும் இதுல இருக்கு. எதுன்னு காட்டுங்க, நானும் பாத்துக்கிறேன்."

தனியாக ஒரு குழந்தையைச் சொல்லவில்லை, தாயின் ரத்த அளவைச் சரிசெய்து பார்க்கும்போது என்று தொடங்கினேன்.

"யாரு ரத்தத்தை யாரு சரி செஞ்சது?" என்றார். பர்வீன் முகத்தைத் திரையின் பின்னால் கொண்டுபோய்விட்டாள்.

பிறகு உட்கார்ந்தார். என் ஒரு பக்கத்தைக் கையில் வாங்கி, விரல் வைத்துப் படித்தார். "ஆறுக்கு நூறு கிராம் குறையுது. அப்ப நாலுக்கு?"

"அறுபது."

"ரெண்டுக்கு இருபது. படிக்கட்டு கணக்கா எறங்குதே." பக்கத்தை மேசையில் வைத்தார். "இந்த நம்பரு எப்புடி வந்துச்சுன்னு தெரியுமா மேடம் உங்களுக்கு? பழைய டாக்டரம்மா ஜீப்புல போயி ஒவ்வொரு ஊரா மையம் தொறந்தாக. ரெண்டாவதா எங்க ஊருக்குத்தான் வந்துருக்கணும். பாலம் ஒடஞ்சு கெடந்துச்சு. அதனால கடைசியா வந்தாக. பாலம் நல்லா இருந்துருந்தா நான் ரெண்டாம் நம்பரு. அப்ப எங்க புள்ளைகளுக்கு எம்பது கிராம் கூடியிருக்குமா?"

நான் அந்தப் பக்கத்தை மறுபடி கையில் எடுத்தேன்.

நோட்டுகளை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். "பாத்துட்டே குடுங்க, அவசரமில்ல. பதினெட்டாந்தேதிக்குள்ள குடுத்தாப் போதும்" என்றார்.

ஜூலை 8, செவ்வாய்

எட்டரைக்கே அலுவலகம் போனேன். கோப்பைத் திறந்தேன். கண்டுபிடிக்க நான்கு நிமிடம் ஆனது.

மையம் என்ற பத்தியில் 1, 2, 3, 4, 5, 6 என்று இருக்கிறது. அது எண்ணா, பெயரா என்று நாம்தான் கணினிக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், எண்ணைப் பார்த்தால் அது எண் என்றே எடுத்துக்கொள்ளும். நான் சொல்லவில்லை.

வயது ஓர் அளவு. இருபத்துநான்குக்கும் இருபத்தைந்துக்கும் நடுவே இருப்பது ஒரு வருடம். முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவே இருப்பதும் அதே ஒரு வருடம். ரத்தமும் அப்படித்தான், ஒரு கிராம் என்றால் ஒரு கிராம். அவற்றை எண்ணாக வைத்தது சரி. நான்காம் மையத்துக்கும் ஐந்தாம் மையத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது? ஓர் ஏலத்தோட்டமும் ஒரு சோதனைச் சாவடியும். பன்னிரண்டாம் எண் பேருந்து ஆறாம் எண் பேருந்தைப் போல இரண்டு மடங்கு இல்லை. எம்.எஸ்ஸி. முதல் பருவத்துப் பாடம் இது. கல்லூரியில் பகுதிநேரமாக ஐந்து ஆண்டு நானே நடத்தியிருக்கிறேன், இதே பேருந்து உதாரணத்தைச் சொல்லி.

மையத்தைப் பெயராக அறிவித்து கணக்கை மறுபடி ஓட்டினேன். இப்போது ஒரே பத்தி ஐந்து பத்தியாகிறது. இரண்டாம் மையமா, ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் பூஜ்யம், மூன்றாம் மையமா, இப்படியே ஆறுவரை. முதல் மையத்துக்குப் பத்தி கிடையாது, அதிலிருந்துதான் மற்றவை எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று பார்க்கிறோம். படிக்கட்டு எதுவும் இல்லை. இரண்டு, மூன்று, நான்கு ஆகிய மூன்றும் ஒன்றாம் மையத்தை ஒட்டியே இருக்கின்றன. ஆறு பதினைந்து கிராம் கீழே. ஆயிரத்து எண்ணூறு குழந்தைகளில் பதினைந்து கிராம் என்பது ஒன்றுமே இல்லை. ஐந்து மட்டும் 212 கிராம் கீழே தனியாகக் கிடக்கிறது. அந்த ஒன்று இழுத்த இழுப்பில்தான் கோடு முழுவதும் சாய்ந்திருக்கிறது. சாய்ந்த கோட்டின் நுனியில் ஆறு இருந்ததால் பழி ஆறின்மேல் விழுந்தது.

முதல் ஓட்டம் ஜூன் 24. அன்றைய குறிப்பைத் திருப்பிப் பார்த்தேன். "மாடல் ஓட்டினேன். தபால் வந்தது." இரண்டே வாக்கியம். தபாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதை நான் இன்னும் பிரிக்கக்கூட இல்லை. அலமாரியில், விரித்த செய்தித்தாளுக்கு அடியில் இருக்கிறது.

ஜூலை 9, புதன்

சொல்லவில்லை. டாக்டர் மதுரை போயிருந்தார். நான்கு மணிக்குத் திரும்பி வந்தார். நான் நான்கு ஐம்பதுக்குக் கிளம்பிவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

சொல்லிவிட்டேன்.

டாக்டர் அறைக்குள் போய், உட்காராமலே, "சார், மூணாவது வாக்கியம் தப்பு. நான் பண்ணின தப்பு" என்றேன். பிறகு பேருந்து உதாரணம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கமிட்டிக்காரங்களுக்கு அந்தப் பக்கம் போயிருச்சேம்மா."

"தெரியும் சார்."

"உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் இது தெரியுமா?"

"செல்லத்தாய் சிஸ்டருக்கும் தெரியும் சார். அவங்கதான் கண்டுபிடிச்சாங்க. இதுக்கு என்ன பேருன்னு மட்டும் தெரியாது."

அவர் சிரிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சிரித்துவிட்டு, "கமிட்டியில நீங்களே சொல்லணும்" என்றார். சரி என்றேன். "நல்லா விளக்கம் வேற சொன்னேனே நானும். கேழ்வரகு, கீரைன்னு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எந்த எண்ணைக் கொடுத்தாலும் நமக்கு ஒரு விளக்கம் கிடைத்துவிடுகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

பிறகு பேனாவை எடுத்தார். "அப்ப ஆறு இல்ல. அஞ்சு. அஞ்சை மூடிறலாமா?"

ஒரு மையத்திலிருந்து எடுத்து இன்னொன்றின் தலையில் வைக்கவா இத்தனையும்? "ஏன் குறையுதுன்னு பாக்காம வேணாம் சார். எனக்கு ஒரு நாள் குடுங்க. அங்க போய்ப் பாத்துட்டு வர்றேன்."

"ஒன்பது மாசத்துல நீங்க ஒரு மையத்தையும் பாத்ததில்லையா?"

பார்த்ததில்லை.

ஜூலை 11, வெள்ளி

முதலிலேயே செய்திருக்க வேண்டியதை இன்று செய்தேன். படம் வரைந்தேன். ஆறு மையங்களுக்கும் ஒவ்வொரு குழந்தையையும் ஒரு புள்ளியாக வைத்து.

ஆறும் ஆறு மேடுகள்போலத் தெரிந்தன. ஐந்தாம் மையத்தின் மேடும் மற்றவற்றைப் போன்ற அதே வடிவம், அதே அகலம். ஆனால் யாரோ மொத்தமாகப் பிடித்து எடை குறைந்த இடப்பக்கத்துக்கு நகர்த்தி வைத்ததுபோல் இருக்கிறது. தாய்மார்கள் சத்தில்லாமல் இருந்தால் சின்னக் குழந்தைகள் மிகுந்து இடப்பக்கம் மட்டும் வால் நீள வேண்டும். வால் நீளவில்லை. மூன்றரைக் கிலோ பிறக்க வேண்டிய குண்டுக் குழந்தைகளும் அதே அளவு இளைத்திருக்கிறார்கள். பசி இவ்வளவு சமமாகப் பங்கு வைக்காது.

மகள் அமுதினி கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். விடுதிச் சாப்பாடு பரவாயில்லையாம்.

"மா, அப்பா ஏதோ பேப்பர் அனுப்பினாராமே. வந்துச்சா?"

"வந்திருக்கும். பாக்கல."

"மா."

"மழை பெய்யுதா அங்க?" என்று கேட்டேன். பெய்கிறதாம். இங்கே சாரல்தான்.

ஜூலை 14, திங்கள்

ஐந்தாம் மையம். ட்ரஸ்ட் ஜீப்பில் போனேன். ஏலத்தோட்டத்தின் நடுவில் இரண்டு அறைக் கட்டடம். ரெஜினா சிஸ்டர் வாசலில் நின்றிருந்தார். இருபத்திரண்டு ஆண்டு அனுபவம். நான் ஏன் வருகிறேன் என்று யாரோ முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள். கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. சுவரில் எதுவும் கறை இல்லை. கருவிகள் வெள்ளைத் துணியில் வரிசையாக இருந்தன. இங்கே அலட்சியம் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

காலை ஆறு மணிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. தாய் பேர் வேணி, தோட்டத்தில் காய் பறிப்பவள், முதல் பிரசவம். "இன்னும் எடை போடல. உங்க முன்னாலயே போடட்டுமா மேடம்?" என்றார் ரெஜினா சிஸ்டர். குரலில் கொஞ்சம் ரோஷம்.

கைகழுவினார். தராசின் மேல் தடிமனான துவாலையை நான்காக மடித்து விரித்தார். பொத்தானை அழுத்தினார். திரையில் பூஜ்யம் வந்தது. குழந்தையை வைத்தார். அது காலை உதைத்தது, எண்கள் ஓடின, நின்றன. 2.690.

"ரெண்டு நாப்பத்தொம்பது" என்று சொல்லிக்கொண்டே நோட்டில் 2.490 என்று எழுதினார்.

நான் திரையைப் பார்த்தேன். நோட்டைப் பார்த்தேன். "சிஸ்டர், ரெண்டு அறுபத்தொம்பதுன்னுல்ல காட்டுது?"

"ஆமா. துண்டுக்கு இருநூறு கழிச்சாச்சு."

"எப்பவும் கழிப்பீங்களா?"

"கழிக்காம? துண்டு எடையும் சேந்து வந்துருமே மேடம். பழைய தராசுல இருந்தே அப்படித்தான். முள்ளுத் தராசு."

மெதுவாகக் கேட்டேன்: "இந்தப் பொத்தானை எதுக்கு அழுத்துறீங்க?"

"மிஷின் மாட்ட வந்த பையன் சொன்னான். துண்டை விரிச்சதும் அமுக்கணும்னு. அமுக்குனாத்தான் வேலை செய்யுமாம்." குழந்தையை எடுத்துத் தாயிடம் கொடுத்தார். வெறும் துவாலையோடு தராசைப் பார்த்தார். துவாலையை எடுத்தார். திரையில் கழித்தல் குறியோடு 0.200 வந்தது. மறுபடி விரித்தார். பூஜ்யம். எடுத்தார். விரித்தார்.

"மிஷினே துண்டைக் கழிச்சிருது" என்றார்.

"ஆமா சிஸ்டர்."

"நானும் கழிச்சிருக்கேன்."

"ட்ரெய்னிங்ல சொல்லியிருப்பாங்களே?"

"அன்னிக்கு இங்க ரெண்டு பிரசவம் மேடம். நான் போகல." முக்காலியில் உட்கார்ந்தார். "ரெண்டு வருஷமா. நான் பொய்யா எழுதல மேடம்."

"தெரியும் சிஸ்டர். நானும் பொய்யா எழுதல" என்றேன். அவருக்கு அது புரிந்திருக்காது. என் கதையைச் சொன்னேன். ஆறாம் மையத்தை மூட இருந்தார்கள் என்றதும் தலையில் கைவைத்துக்கொண்டார். "செல்லத்தாயக்காவையா? அவங்க என்னைச் சும்மா விட மாட்டாங்களே" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் சிரித்தார்.

கட்டிலில் இருந்து வேணி கேட்டாள்: "இப்ப எம் புள்ளை எடை குறைச்சலா, இல்லையாக்கா?"

"இல்லைத்தா" என்றார் ரெஜினா சிஸ்டர். "ரெண்டு அறுபத்தொம்பது. நல்ல எடை." நோட்டில் எழுதியதை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது ஜீப்பில் முன்சீட்டில் தூங்கிவிட்டேன். பகலில் நான் தூங்கி மாதக்கணக்காகிறது.

ஜூலை 15, செவ்வாய்

ஐந்தாம் மையத்தின் 312 எடைகளுக்கும் இருநூறு கூட்டி மறுபடி ஓட்டினேன். முதல் மையத்திலிருந்து பன்னிரண்டு கிராம் கீழே. ஒன்றுமில்லை. ஆறு மேடும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து உட்கார்ந்துவிட்டன. பர்வீனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அழகா இருக்குக்கா" என்றாள். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் அடுத்தது உறைத்தது. இரண்டரைக் கிலோ என்பது எங்கள் கோடு. 2.490 என்றால் எடை குறைந்த குழந்தை; 2.500 என்றால் இல்லை. பத்து கிராமில் ஒன்றும் மாறிவிடாது. ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தால் சிவப்பு அட்டை, வாரா வாரம் பெரிய ஆஸ்பத்திரி. ஐந்தாம் மையத்தில் 112 குழந்தைகளுக்குச் சிவப்பு அட்டை கொடுத்திருக்கிறோம். சரியான கணக்கில் 63 பேர்தான். மீதி 49 பேர் துவாலையால் சிவப்பானவர்கள்.

ஜூலை 16, புதன்

நாற்பத்தொன்பது வீட்டுக்கும் தானே போனில் பேச வேண்டும் என்று ரெஜினா சிஸ்டர் பிடிவாதம் பிடித்தார். இன்று கீழே இறங்கி வந்தார். ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். பெரும்பாலும் "அப்படியா, சரிங்க" என்றார்கள். குழந்தைகள் நடக்க ஆரம்பித்திருந்தன, சோறு தின்றன, அவர்களுக்கு இது பழைய கதை. ஒருத்தி மட்டும் திருப்பிக் கேட்டாள்.

"அப்ப எம் மகன் பொறக்கும்போதே நல்ல புள்ளைதானா?"

"ஆமாம்மா. ரெண்டு அறுபது."

"நான் சரியாத் திங்காமத்தான் இப்புடிப் பெத்துட்டேன்னு ஒன்றரை வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்காக. இருங்க, எங்கத்தைகிட்ட குடுக்கறேன். இதையே அவுககிட்ட ஒருக்காச் சொல்லுங்க."

சொன்னேன். அத்தை "ம்" என்றார். பிறகு தொலைபேசி கைமாறும் சத்தம். அந்தப் பெண் மறுபடி வந்து, "இன்னொருக்காச் சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போட்டுருக்கேன்" என்றாள். இன்னும் சத்தமாகச் சொன்னேன். பர்வீன் மேசையில் கவிழ்ந்து சிரித்தாள்.

ஜூலை 18, வெள்ளி

கமிட்டி. ஏழு பேர். டாக்டர் சொன்னது நிஜம், எல்லாரும் கண்ணாடி. முதலில் என் பழைய பக்கத்தை நானே உயர்த்திக் காட்டி, "இதில் மூன்றாவது வாக்கியம் தவறு. செய்தது நான்" என்றேன். மைய எண் என்பது ஒரு பெயர், அளவு அல்ல என்றேன். பிறகு வாக்கியங்களை விட்டுவிட்டுப் படத்தைப் போட்டேன். துவாலைக்கு முன், துவாலைக்குப் பின்.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், "அப்ப உங்க மத்த நம்பரையெல்லாம் நாங்க எப்படி நம்பறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

"தனியா நம்பாதீங்க சார். நம்பரைப் பாக்கும்போது மையத்து நோட்டையும் கேளுங்க. நோட்டு எழுதினவங்களையும் கூப்பிடுங்க" என்றேன்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "கீரைக் கதை சொன்னது நான். அதையும் குறிப்புல எழுதிக்கோங்க" என்றார்.

இரண்டாம் மையமும் மூன்றாம் மையமும் ஒரே சாலையில், நாலு கிலோமீட்டர் இடைவெளி. இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வரைபடத்தைப் பார்த்திருந்தால் முதலிலேயே முடிந்திருக்கும். ஆறு இருக்கும். ஐந்து இருக்கும்.

வெளியே வந்து செல்லத்தாய் சிஸ்டருக்குப் போன் செய்தேன். "உங்க மையம் இருக்கு சிஸ்டர்."

"அது எங்க போகும்?" என்றார். பின்னால் கோழி சத்தம் வந்தது. "சாப்ட்டீகளா மேடம்?" என்றார் கடைசியில். சாப்பிடவில்லை. போய்ச் சாப்பிட்டேன், இரண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட்.

ஜூலை 20, ஞாயிறு

தபாலைப் பிரித்தேன். நினைத்ததுதான். விவாகரத்துக்குச் சம்மதம் கேட்டு அவருடைய மதுரை வக்கீல் அனுப்பியது. மூன்று இடத்தில் கையெழுத்து. போட்டேன். மூன்று வருடமாக எனக்குத் தெரிந்த ஒன்றுக்குக் கையெழுத்துப் போட மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டேன். அமுதினிக்குச் சொன்னேன். "சாப்பிட்டியா மா?" என்றாள் அவளும்.

ஜூலை 21, திங்கள்

படிவத்தைப் பர்வீனிடம் கொடுத்தேன். நான்கில் டிக் போட்டிருந்தேன். அவள் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் ஒன்றும் இல்லை.

"இதுக்கா மூணு வாரம் இழுத்தீங்க?" என்றாள். "நான் படிவத்தைத் தொலைச்சிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்."

டிபன் டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். இடியாப்பம், தேங்காய்ப்பால்.

மாலையில் சரியான அளவு வாஷர் கிடைத்தது.

ஜூலை 24, வியாழன்

மலையில் நேற்றிலிருந்து பலத்த மழை. ஏழாவது வளைவில் மண் சரிந்து காலையிலிருந்து பாதை அடைப்பு. வண்டி மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வேலையே ஓடவில்லை. மஞ்சனூத்தில் இந்த வாரம் ஒரு பிரசவம் இருக்கிறது என்று நான் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்த அன்றே செல்லத்தாய் சிஸ்டர் சொல்லியிருந்தார்.

மூன்று மணிக்கு அவரிடமிருந்து குறுஞ்செய்தி. நான்கு வரி.

"மையம் ஆறு. ஆண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

எடை 3.120.

துண்டைக் கழிச்சாச்சு, ஒரே தடவைதான்.

நீங்க எதையும் சரிக்கட்ட வேண்டாம்."